தேடியதை அடுக்கி வைத்தவர்

யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல்தான். பிறகு அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். அந்தத் தீவிலேதான் சரவணையும் இருக்கிறது. டியூசன் வகுப்பில் என்னோடு படிக்கும் தோழியின் வீடு அங்கே. போன தவணை விடுமுறையில் உம்மாவோடு ஒரு நாள் அங்கு போயிருந்தேன்.

தோழியின் அம்மப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அலுமாரியில் புத்தகங்களுக்கு மேலே நீளமான ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. திறந்து பார்த்தேன். புத்தகத்தின் பெயர், எழுதியவர், இப்போது யாரிடம் கிடைக்கும் என்று மூன்று நிரல்கள் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சரி அடையாளம் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவருடைய புத்தகங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டனவாம். ஊர் திரும்பிய பின் ஞாபகத்தில் இருந்தவற்றை எழுதி வைத்திருக்கிறார். ஒன்று திரும்பக் கிடைத்தால் ஒரு சரி போடுவார்.

இல்லாத புத்தகங்களுக்கு எதற்குப் பட்டியல் என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கரம்பொன் இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டினார். அந்த ஊரில் பிறந்த ஒருவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு வந்து இதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். நான் படித்ததை எங்கள் கல்லூரித் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே சொல்கிறேன்.

அவர் தனிநாயகம் அடிகளார். 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சேவியர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கிய படிப்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் தொடர்ந்தது. அக்காலத்தில் பெரிய கல்லூரிகளில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடந்தன. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆங்கிலமும் இலத்தீனும் நன்றாகக் கற்றார்கள். வீட்டில் பேசிய தமிழ் வீட்டோடு நின்றுவிட்டது.

குருவாக வேண்டும் என்ற விருப்பத்தோடு அவர் கொழும்பு புனித பேர்னாட் குருமடத்தில் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு 1938இல் அங்கே குருவானார். வட ஆபிரிக்காவில், இன்றைய துனிசியா இருக்கும் இடத்தில், முற்காலத்தில் கார்த்தேஜ் என்ற நகரம் இருந்தது. அந்நகரத்தின் பழைய திருச்சபையைப் பற்றி ஆராய்ந்து இறையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவும் அவருக்கு வசமாயின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் படிக்க வேண்டியதெல்லாம் படித்து முடித்த மனிதர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

ஊர் திரும்பாமல் தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றப் போனார். 1940ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். அவருடைய வாழ்க்கை திசை மாறியது அந்தச் சின்ன ஊரில்தான். கார்த்தேஜ் நகரத்துச் சரித்திரம் தெரிந்த தனக்குத் தன் சொந்த மொழியின் இலக்கியம் சரியாகத் தெரியவில்லை என்பதை அங்கே அவர் உணர்ந்தார்.

இப்படி ஒரு குறை தெரியவரும்போது நாங்கள் என்ன செய்வோம்? பெரும்பாலும் மறைப்போம். தெரிந்தவர்போல நடிப்போம். அல்லது இனி என்ன செய்வது, காலம் போய்விட்டது என்று விட்டுவிடுவோம். அடிகளார் அதே பள்ளிக்கூடத்து வட்டாரத்தில் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பவரிடம் மாணவனாகப் போய் அமர்ந்தார். கலாநிதிப் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு, ஒரு பிராமணப் பண்டிதரிடம் தமிழ் கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்படிக் கற்றார். முன்னோருடைய பெயராகிய தனிநாயகம் என்பதையும் தன் பெயராக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் போதும் என்று இருக்கவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சேர்ந்தார். தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு முப்பத்திரண்டு வயதில் வகுப்பில் இருந்தார். முதுகலைப் பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள் சங்கப் பாட்டுகளில் இயற்கை. பின்பு அது ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது.

உயர்தரத்தில் தமிழ் படிக்கும் எங்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணைகளை மனனம் செய்கிறோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அட்டவணை போடுகிறோம். பரீட்சைக்காகப் படிக்கும்போது அது ஒரு பாரமாகத்தான் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பாகுபாடு எவ்வளவு பெரிய ஒழுங்கு! ஒரு மரத்தின் பெயரையோ ஒரு பறையின் பெயரையோ கண்டால், அந்தப் பாட்டு எந்த நிலத்தது, அதில் உள்ள மனநிலை என்ன என்று ஊகிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஆண்டுக்கணக்காக அந்த ஒழுங்கோடு பழகிய மனிதர், பிறகு தமிழ் பற்றிய அறிவு முழுவதையும் அப்படி ஒழுங்குபடுத்தப் புறப்பட்டது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

1949இல் தொடங்கி அவர் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். ஜப்பான், மலாயா, அமெரிக்க நாடுகள் என்று சென்ற இடமெல்லாம் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அந்தப் பயணங்களில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். தமிழைப் பற்றி ஆராய்கின்றவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. பாரிஸில் ஒருவர், பிராக்கில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று தனித்தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோண்டி முடித்த கிணற்றை இன்னொருவர் அறியாமல் மறுபடி தோண்டினால் எவ்வளவு உழைப்பு வீண்! குறை ஆட்களில் இல்லை, பொருளிலும் இல்லை, ஒழுங்கில்தான் இருந்தது.

ஆகவே 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். உலகின் பல பக்கங்களிலிருந்தும் அறிஞர்கள் அதில் எழுதினார்கள். சிதறிக் கிடந்தவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்க அது ஓர் இடமானது. அதே ஆண்டு பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். ஆசிரியராகப் போகின்றவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, லண்டன் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ள கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இன்னொரு கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழின் உரிமைக்காக வெளிப்படையாக எழுதினார், பேசினார்.

ஐரோப்பாவுக்குப் போகும்போதெல்லாம் பழைய நூலகங்களுக்குள் நுழைவது அவர் வழக்கம். போர்த்துக்கல் நாட்டின் தலைநகரமான லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு அச்சான ஒரு சிறிய நூலை அவர் அப்படிக் கண்டார். அதில் தமிழ் உரோம எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ் மொழி அச்சேறிய கதை அந்தச் சின்னப் புத்தகத்தில் இருந்து தொடங்குகிறது. வத்திக்கான் நூலகத்தில் 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கீச அகராதி ஒன்று இருந்தது. அந்தம் தெ புரொவென்சா என்ற பாதிரியார் தொகுத்தது. அதை அப்படியே படம் பிடித்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஓர் அலுமாரிக்குள் இருந்த அகராதி, அதன்பின் எந்த நாட்டு மாணவரின் மேசைக்கும் வரக்கூடியதானது.

அவற்றைக் கண்டது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வரும். கண்டதைக் கொப்பிக்குள் மறைத்து வைக்காமல் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று எழுதி வெளியிட்டார். தன்னைப் பின்பற்றி இன்னொருவர் அதே அலுமாரிக்குப் போகலாம் என்பதை அவர் மறக்கவில்லை.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியக் கல்வித்துறைக்குத் தலைவராகச் சென்றார். அங்கிருந்த எட்டு ஆண்டுகள்தான் அவருடைய அறுவடைக் காலம். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய ஆராய்ச்சியாளர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. அங்கு வந்திருந்த தமிழறிஞர்களைப் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் போன்றவர்களோடு சேர்ந்து ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டத்தில் பிறந்ததே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிலியோசா தலைவரானார். அடிகளார் தலைமைப் பதவியைத் தேடாமல், செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலோடு செயலாளர் வேலையை எடுத்துக்கொண்டார். கடிதம் எழுதுவதும், ஆட்களைச் சேர்ப்பதும், விடுபட்டதை நினைவுபடுத்துவதும் செயலாளரின் வேலைதான். எங்கள் கல்லூரி மன்றங்களில் செயலாளராக இருந்தவர்களுக்கு அது தெரியும். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968இல் சென்னையிலும் மூன்றாவது 1970இல் பாரிஸிலும் நடந்தன.

மாநாடுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே 1966இல் அவர் வெளியிட்ட வேறொரு நூலைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அது தமிழியல் நூல்களுக்கான ஓர் ஆங்கில வழிகாட்டி. தமிழைப் பற்றி வெளிவந்த நூல்களின் விபரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, வரிசைப்படுத்திய தொகுப்பு. கதை இல்லை, கவிதை இல்லை, பக்கத்துக்குப் பக்கம் நூல்களின் பெயர்கள்தான். 1968இல் வெளிநாடுகளில் நடக்கும் தமிழாய்வுகளைப் பற்றியும் ஒரு தொகுப்பைப் பதிப்பித்தார். இப்படிப்பட்ட புத்தகத்தை ஒருவரும் முதலில் இருந்து கடைசி வரை வாசிப்பதில்லை. ஆனால் வடக்கன்குளத்தில் தன் இருபத்தேழாவது வயதில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்ற ஓர் இளைஞனுக்கு அன்று அப்படி ஒரு நூல் கையில் கிடைத்திருந்தால்? தனக்குக் கிடைக்காத ஒன்றைப் பின்னால் வருபவர்களுக்குச் செய்து வைத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் சமூகத்தின் ஒரு பெரியவரையும் நினைக்க வேண்டும். பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்களும் இதே வகை உழைப்பாளிதான். முஸ்லிம்கள் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அவர் கோபப்பட்டுப் பதில் சொல்லவில்லை. நூல்களைத் தேடித் திரட்டினார். முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1953இல் வெளிவந்தது. பிற்காலத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பேராசிரியர் அஜ்மல்கானோடு சேர்ந்து பல தொகுதிகளாக எழுதினார். சீறாப்புராணம் ஒன்றோடு நின்றுவிடாமல் எத்தனையோ புலவர்களின் பெயர்கள் இன்று எங்களுக்குத் தெரிகின்றன என்றால் அதற்கு அந்தப் பொறுமையே காரணம்.

அடிகளார் 1969இல் மலாயாவை விட்டு ஓய்வுபெற்றார். பின்பு தாய்நாடு திரும்பினார். 1974 ஜனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தபோது அவரும் அங்கே இருந்தார். உலகமெல்லாம் சுற்றிய மாநாடு அவர் பிறந்த மண்ணுக்கே வந்தது. ஆனால் ஜனவரி 10ஆம் திகதி இறுதி நாள் நிகழ்ச்சியில் உயிர்கள் பறிபோயின. மகிழ்ச்சியாக முடிய வேண்டிய விழா மரண வீடாக முடிந்தது. அடிகளார் 1980 செப்ரெம்பர் 1ஆம் திகதி அறுபத்தேழாவது வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஒன்பது மாதங்களில், 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்பார்கள். 1990 ஒக்ரோபரில் எங்கள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கிதாபுகளையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் அப்படி அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். தீவுப்பகுதி மக்களும் அதே காலத்தில் அலைந்தார்கள். இந்த மண்ணில் புத்தகத்தை இழக்காத வீடு எந்தச் சமூகத்திலும் குறைவு.

இதை எழுதும்போதுதான் தோழியின் அம்மப்பா என்னிடம் கேட்கச் சொன்ன கேள்விக்கு எனக்கே விடை கிடைத்தது. புத்தகம் எரியலாம், களவு போகலாம், கறையான் தின்னலாம். அதன் பெயரும் எழுதியவரும் இருக்கும் இடமும் எங்காவது எழுதப்பட்டிருந்தால் அதை மறுபடி தேடலாம். பட்டியலும் இல்லை என்றால் என்ன இழந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். தெரியாத இழப்பை யாராலும் மீட்க முடியாது. 2005இல் இருந்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் தேடிச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. அதுவும் அடிகளாரின் வழியில் வந்த வேலைதான்.

இனி எங்களைப் பற்றி. எங்களுக்கு வசதிகள் குறைவு என்று சொல்ல முடியாது. கைத்தொலைபேசியில் கடந்தகால வினாத்தாள்கள், குறிப்புகள், நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் காணொளிகள், முன்னேறுவது எப்படி என்ற புத்தகங்கள் எல்லாம் வந்து குவிகின்றன. நானும் சேர்த்து வைத்தேன். முன்னூறுக்கு மேற்பட்ட குறிப்புகள் என் தொலைபேசியில் இருந்தன. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரே ஒரு குறிப்பைத் தேடி ஒரு இரவு முழுவதும் போனது. கடைசிவரை கிடைக்கவில்லை. சேர்த்து வைத்ததைப் படித்ததாக நினைத்து இவ்வளவு காலமும் என்னையே நான் ஏமாற்றியிருக்கிறேன் என்று அன்றுதான் விளங்கியது.

அடிகளாரின் வாழ்வைப் படித்த பின் ஒரு கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் எனக்குத் தெரியாதவற்றை எழுதினேன். அது எழுதத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டது. அதன் பிறகு சரவணையில் பார்த்ததுபோல மூன்று நிரல்கள் போட்டேன். என்ன, யார் எழுதியது, எங்கே இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தக் கொப்பிக்கு. வாசிக்காமலே ஆறு மாதம் கிடந்ததை அழித்துவிடுகிறேன். முன்னூறு இப்போது நாற்பதாகிவிட்டது. அந்த நாற்பதும் எனக்குத் தெரியும்.

அடிகளாரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அவருடைய பெரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உலகத்துக்குத் தமிழை அறிமுகப்படுத்த அது தேவையாக இருந்தது. ஆனால் கரம்பொன்னிலும் சரவணையிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வழிகாட்டிகள் எட்டவில்லை. அவற்றின் வேலையைத் தமிழில் தொடர்வது எங்கள் தலைமுறையின் பொறுப்பு. பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. உயர்தரம் முடித்துப் போகும் ஒவ்வொரு மாணவியும் தனக்கு உண்மையில் உதவிய புத்தகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவை எங்கே கிடைக்கும் என்றும் குறித்து, எங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். பெற்றோரும் வீட்டில் உள்ள பழைய கிதாபுகளின், அரபுத்தமிழ் ஏடுகளின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். இலாபமான கல்வி ஒன்றை விட்டுச் செல்வது மரணத்துக்குப் பின்னும் நன்மை தரும் என்றல்லவா எங்கள் மார்க்கம் சொல்லித் தருகிறது.

சரவணைக்கு அடுத்த விடுமுறையிலும் போக உம்மா சம்மதித்திருக்கிறார். அந்தக் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கி ஒரு பிரதி எழுதிக்கொண்டு வரப்போகிறேன். அதில் சரி போடப்படாத ஒரு புத்தகம் எங்கள் பக்கத்து வீடு ஒன்றில் இருப்பது எனக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், அதையும் கையோடு கொண்டு போவேன்.